விரிசலுக்கு ஒரு உடுக்கை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். கல்யாணம் நிச்சயமாகி, ஒரு வேன் நிறையப் பெண்கள் புடவை எடுக்கப் போகிற ரகம் ஒன்று. (கூடவே பர்ஸோடு ஒரே ஒரு ஆண். கடை வாசலில் செருப்புகளுக்குக் காவல் அவர்தான்!) காலையில் போய் இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்துக் கோயிலை ‘முடித்து’விட்டு வருகிற ரகம் இரண்டு. சுக்கும் மிளகும் போட்ட கோயில் இட்லியைத் தேடிப் போகிற ரகம் மூன்று. நான் இந்த மூன்றிலும் சேராமல், ஒரு மரக் கிண்ணத்தை வாங்கி வரப் போனேன்.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போகலாம். ஆனால், சாவகாசமாகப் போகிறவர்களுக்கு ரயில்தான் சரி. பீச் ஸ்டேஷனில் ஏறினால் தாம்பரம் வரை அடுத்தவர் முழங்கை, செங்கல்பட்டு வரை அடுத்தவர் பை. அதற்கப்புறம் வண்டி மேற்கே திரும்பியதும் பெட்டியே நம்முடையது. பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு பேர் இறங்குவார்கள், ஒருவர் ஏறுவார். ஜன்னலுக்கு வெளியே பாலாறு வரும். பாலும் இருக்காது, பெரும்பாலும் ஆறும் இருக்காது.

எங்கள் செக்‌ஷனில் அடுத்த ஸீட்டு நண்பர் காஞ்சிபுரத்துக்காரர். பிள்ளையார்பாளையத்தில் வீடு. நெசவாளர்கள் நிறைந்த பகுதி. அவர் அப்பாவும் பட்டு நெய்தவர்தான். நாற்பது வருஷம் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்தவர். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டுகிறபோது நிழல் வேண்டும் என்று வீட்டு வாசலில் ஒரு பூவரசு நட்டாராம். அவர் காலமானபிறகும் மரம் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சாய்ந்துவிட்டது.

விறகுக்குப் போனது போக ஒரே ஒரு கட்டையை மட்டும் நண்பரின் அம்மா கொல்லையில் ஓரமாக வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் கூடியதும் கட்டை வெளியே வந்தது. ‘அட்சதை வைக்க அப்பா நட்ட மரத்தில் ஒரு கிண்ணம்’ என்பது அம்மாவின் ஆசை. தாலி கட்டுகிற நேரத்தில் சபை முழுக்க அட்சதை போடும். அதில் அப்பா பங்கும் கொஞ்சம் இருக்கட்டுமே!

‘‘ஞாயித்துக்கிழமை வாங்களேன் சார், கிண்ணத்தை வாங்கிட்டு அப்படியே ஊரையும் பார்த்துடலாம்’’ என்றார் நண்பர். ஓசியில் இட்லி கிடைக்கும் என்று எனக்கும் ஒரு கணக்கு இருந்தது.

கடைசல் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் கட்டில் கால், மாடிப்படிக்கான குமிழ்க் கால், நடை வண்டிச் சக்கரம் எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மோட்டார், ஒரு கடைசல் இயந்திரம், முழங்கால் உயரத்துக்கு மரச் சுருள். நடுவில் எழுபது வயதுக்குக் குறையாத ஒரு ஆசாரி.

‘‘ஒரு காலத்துல ராட்டைக்குக் கதிரு, தாருக்குக் குச்சின்னு தறிக்காரங்களுக்குக் கடைஞ்சே சாப்பிட்டேன் தம்பி. இப்ப எல்லாம் பிளாஸ்டிக்கு’’ என்றபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போட்டுவிட்டு நின்றார். உட்காரச் சொன்ன முகத்தில் ஏதோ சொல்லத் தயங்குகிற களை.

‘‘கிண்ணம் ரெடியா ஐயா?’’

‘‘ரெடிதான்... நீங்களே பாருங்க.’’

ஒரு சாண் அகலத்துக்கு அழகான கிண்ணம். பூவரசின் நடுமரம் சாக்லேட் நிறம், ஓரமரம் வெண்ணெய் நிறம். இரண்டும் கலந்து, பாலும் டிகாக்ஷனும் சேரும்போது டம்ளரில் வருமே, அந்த மாதிரி சுழிசுழியாக இருந்தது. அடியில் பிடிமானத்துக்காக விட்ட குமிழ்கூட இன்னும் வெட்டவில்லை. எல்லாம் சரி. ஆனால், விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நாலு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்!

நண்பர் முகம் தொங்கிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். வேறு கட்டையும் இல்லை.

‘‘கடையக் கடைய உள்ளேர்ந்து திறந்துச்சு தம்பி. கட்டையை உருட்டா அப்படியே வெச்சுட்டாங்க. நடுவுல பொளந்து வெச்சிருந்தா இது வந்திருக்காது’’ என்றார் ஆசாரி.

இதற்குள் இருக்கிற கணக்கு சுவாரஸ்யமானது. பச்சை மரம் காயும்போது முதலில் வெளியேறுவது செல்களுக்குள் நிற்கிற தண்ணீர். அப்போதெல்லாம் மரம் சுருங்குவதில்லை. ஈரம் சுமார் முப்பது சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பம். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மரத்தை வெட்டினால் வட்ட வட்டமாக வளையம் தெரிகிறதல்லவா? அந்த வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவது அதிகம், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். ஆபீஸ் பாஷையில் சொன்னால், பெல்ட் சுருங்குகிறது, தொப்பை அந்த அளவுக்குச் சுருங்க மறுக்கிறது. எங்கேயாவது ஒரு இடத்தில் தெறித்துத்தானே ஆகவேண்டும்? முழு உருட்டாக வைத்த கட்டை மையத்தைப் பார்த்து வெடிப்பது இதனால்தான்.

மரத்துக்கு எதிரி தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். காஞ்சிபுரத்துக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் அத்திமரத்தாலான வரதர், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தரிசனம் தருகிறார். 1939, 1979, கடைசியாக 2019. அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி தொடங்கி நாற்பத்தெட்டு நாள் ஊர் தாங்காத கூட்டம். பிறகு திரும்பவும் குளத்துக்குள் போய்விட்டார். காற்றுப் படாத ஆழத்தில் மரத்தை அரிக்கிற பூஞ்சைக்கு மூச்சு முட்டும், அதனால் மரம் தாக்குப்பிடிக்கும். ஸ்வீடனில் 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ‘வாசா’ என்கிற போர்க்கப்பலை 1961-ல் ஏறக்குறைய முழுசாகத் தூக்கினார்கள். முன்னூற்றுச் சொச்சம் வருஷம் தண்ணீருக்குள் கிடந்தபோது வராத கவலை, வெளியே வந்ததும் வந்தது. காய்ந்தால் வெடித்துவிடுமே! மெழுகு மாதிரி ஒரு ரசாயனக் கரைசலைப் பதினேழு வருஷம் விடாமல் தெளித்தார்கள். மரத்துக்குக் கஷ்ட காலம் நனையும்போது அல்ல, காயும்போது.

சரி, நம் கிண்ணத்துக்கு வருவோம்.

ஆசாரி ஒரு வழி சொன்னார். ‘‘இதே மரத்தூளைப் பசையில குழைச்சு விரிசல்ல அடைச்சு, மேல கறுப்பா ஒரு பாலீஷ் ஏத்திட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க லென்ஸ் வெச்சுப் பார்த்தாலும் தெரியாது.’’

நண்பர் உடனே, ‘‘அப்படியே பண்ணிடுங்க’’ என்றார். நானும் தலையாட்டினேன். அரசாங்க ஃபைலில் ஒயிட்னர் தடவிப் பழகிய கை எங்களுடையது.

‘‘எதுக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க தம்பி’’ என்றார் ஆசாரி.

அம்மாவைக் கூட்டி வந்தோம். கிண்ணத்தைக் கையில் வாங்கி விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். மரத்தூள், பாலீஷ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

‘‘வேணாம் அண்ணே. இவங்க அப்பா நாப்பது வருஷம் கோர்வை போட்டவரு. ரெண்டைச் சேர்த்தா, சேர்த்த இடம் தெரியணும்னு சொல்லுவாரு. மறைச்சது பிரிஞ்சிடும். தெரியற மாதிரி சேருங்க.’’

கோர்வை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு கலர், கரை வேறு கலர் என்றால் கரையைத் தனியாக நெய்து தைப்பதில்லை. பாவிலேயே மூன்று பகுதி. குறுக்கே ஓட மூன்று நாடா. நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்து நாடாவை வாங்கித் தர இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அதனால்தான் கோர்வைப் புடவை விலை அதிகம், வேகம் கம்மி. கலர் மாறுகிற இடம் பல் பல்லாக, கோபுரம் கோபுரமாகத் தெரியும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். முந்தானைக்குக் கலர் மாற்றுகிற இடத்துக்குப் பெட்னி என்று பெயர். அங்கேயும் பழைய பாவை விட்டுப் புதுப் பாவு பிடித்த அடையாளம் ஒரு பட்டை மாதிரி தெரியும். அசல் கோர்வைதானா என்று விவரம் தெரிந்த மாமிகள் புடவையைத் திருப்பிப் போட்டுத் தேடுவது இந்த இணைப்பைத்தான். நாம் எதை மறைக்கலாம் என்று பார்க்கிறோமோ, அதற்குத்தான் அங்கே காசு!

ஆசாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘அப்ப உடுக்கை போட்டுடலாம்மா’’ என்றார்.

உடுக்கை என்றால் சிவன் கையில் இருக்கிற அதே வடிவம். இரண்டு பக்கமும் அகலம், இடுப்பு ஒல்லி. அந்த வடிவத்தில் ஒரு சின்ன மரத்துண்டைச் செதுக்கி, விரிசலுக்குக் குறுக்கே, அதே வடிவத்தில் தோண்டிய குழியில் இறக்கிவிடுவது. இந்தப் பக்கம் அகலம், அந்தப் பக்கம் அகலம், நடுவில் ஒல்லி என்பதால் விரிசல் விரிய நினைத்தால் உடுக்கை விடாது. மரத்தூள் வெறும் அடைப்பு. நாளைக்குக் கிண்ணம் ஒரு மயிரிழை சுருங்கினாலும் உதிர்ந்துவிடும். உடுக்கை ஒரு பூட்டு.

‘‘வேற கலர் மரம் வேணும். கடம்பு ஒரு துண்டு கிடக்குது, மஞ்சளா இருக்கும்...’’ என்று ஆசாரி மூலையில் துழாவ ஆரம்பித்தார். அம்மா, ‘‘இருங்க அண்ணே’’ என்று வீட்டுக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு வந்தார். உள்ளே மூன்று நாடா. நாற்பது வருஷம் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்தன. அதில் கரைக்கு ஓட்டுகிற ஒன்றை எடுத்து நீட்டினார்.

நண்பர், ‘‘அம்மா, அப்பா நாடாவை அறுக்கணுமா?’’ என்றார். குரல் சரியாக வரவில்லை.

‘‘பொட்டியில கிடந்து என்னத்தைச் சேர்க்கப் போவுது? இங்கேயாவது சேர்க்கட்டும்’’ என்றார் அம்மா.

ஆசாரி நாடாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். உடுக்கை செதுக்கிக் குழி தோண்டிப் பசை போட்டு இறக்கினால், பசை காய ஒரு ராத்திரி வேண்டுமாம். அதனால், மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினோம். (லீவு லெட்டரில் ‘வயிற்று வலி’ என்று எழுதுவது எங்கள் ஆபீஸ் மரபு. ‘மரக் கிண்ணத்தில் விரிசல்’ என்று எழுதினால் எந்த மேனேஜர் நம்புவார்?)

பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் பக்கம். சுமார் 1,300 வருஷத்துக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. மணற்கல். வெயிலிலும் மழையிலும் கரைகிற கல். பிற்காலத்தில் கரைந்த இடங்களில் சுண்ணாம்புச் சாந்து பூசி வைத்தார்கள். பூசியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பூசினார்கள். ஆனால், சாந்துக்குள் பல சிற்பங்களின் அசல் மூக்கும் விரலும் மறைந்து, பொம்மை முகம் வந்துவிட்டது. சாந்து உதிர்ந்த இடத்தில் பல்லவ உளி பளிச்சென்று தெரிகிறது. உதிராத இடத்தில் எந்த முகம் பல்லவர் முகம், எது பூச்சு முகம் என்று நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘மரத்தூள் பாலீஷ்’ கேஸ்!

அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோயில். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியதாகச் சொல்லப்படும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே மண்ணால் ஆன லிங்கம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்பாள் மணலைப் பிடித்து லிங்கம் செய்து பூஜை பண்ணுகிறாள். ஆற்றில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமே என்று அப்படியே கட்டி அணைத்துக்கொள்கிறாள். வெள்ளம் வடிந்தபோது லிங்கத்தில் அவள் வளையல் தழும்பு. அந்தத் தழும்பை யாரும் சமன் செய்யவில்லை. அதையே பெயராக வைத்துவிட்டார்கள்: ‘தழுவக் குழைந்த நாதர்’. மண் லிங்கம் என்பதால் இன்றைக்கும் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது. ஆவுடையாருக்குத்தான்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ. வரதராஜர் கோயிலில் நீளமான வரிசை ஒன்று பல்லிக்காகவே நிற்கிறது. பூஜைத் தண்ணீரில் பல்லி இருந்ததைக் கவனிக்காத இரண்டு சிஷ்யர்களை, ‘பல்லியாகப் போங்கள்’ என்று குரு சபித்தார். சாபம் தீர்ந்த இடம் இது என்கிறது கதை. அந்தத் தப்பின் ஞாபகமாக மேற்கூரையில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. ஆபீஸில் தப்பு பண்ணினால் மெமோ கொடுப்பார்கள். இங்கே தங்கமுலாம் பூசி, தொட்டுக் கும்பிட வைத்திருக்கிறார்கள்!

கடைசியாக இட்லியும் கிடைத்தது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி வேகவைத்து, முழ நீளத்துக்கு எடுத்து, வட்டம் வட்டமாக நறுக்கித் தருகிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய். ஒரு வட்டம் சாப்பிட்டால் மத்தியானத்துக்கு வேறு யோசனை வராது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனபோது இரண்டு உடுக்கைகளும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குறுக்கே இறங்கிய அந்தத் தேன் நிறத் துண்டுகளைப் பார்த்ததும் எனக்குப் படித்தது ஞாபகம் வந்தது.

‘‘ஐயா, இதே உடுக்கையை வெச்சே அமெரிக்காவுல ஒருத்தர் உலகப் புகழ் வாங்கினார், தெரியுமா? அவர் மொதல்ல மரச்சாமான் செஞ்சு பழகினது நம்ம பக்கத்துப் பாண்டிச்சேரியில.’’

உளியைத் தீட்டிக்கொண்டே, ‘‘சொல்லுங்க’’ என்றார்.

ஜார்ஜ் நகாஷிமா. 1905-ல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். கட்டடக் கலைஞர். 1937-ல் பாண்டிச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ என்கிற விடுதிக் கட்டடத்தை நின்று கட்டியவர். அதற்குத் தேக்கில் மரச்சாமான்களும் வடிவமைத்தார். ஆசிரமத்தில் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. பிறகு அமெரிக்கா திரும்பினார். யுத்தம் வந்தது. ஜப்பானிய ரத்தம் என்பதற்காக 1942-ல் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்து முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் பழைய பாணி இணைப்பு வேலையைக் கற்றுக்கொண்டார். வெளியே வந்து பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். மற்ற தச்சர்கள் ஒதுக்கித் தள்ளுகிற விரிசல் விட்ட பலகையைத் தேடி எடுத்து, விரிசலை அப்படியே விட்டு, குறுக்கே உடுக்கை வடிவத் துண்டை இறக்கி மேஜை செய்தார். 1990-ல் காலமானார். விரிசலும் உடுக்கையும் அவருடைய கையெழுத்து மாதிரி ஆகிவிட்டன.

‘‘இன்னொண்ணும் இருக்கு. ஹவாய்த் தீவுல ஆதியிலேர்ந்து மரக் கிண்ணம் குடைஞ்சு பழக்கம். ‘உமேகே’ம்பாங்க. விரிசல் விட்டா மீன் வால் மாதிரி துண்டு வெச்சுச் சேர்ப்பாங்க. அதுக்குப் பேர் ‘பேவா’. ஒட்டு ஏற ஏறக் கிண்ணத்துக்கு மதிப்பு ஏறுமாம். அந்தக் கிண்ணம் செய்யற மரத்துல ஒண்ணு ‘மீலோ’. மீலோன்னா நம்ம பூவரசு!’’

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். ‘‘இதே பூவரசா? பீப்பீ ஊதுவாங்களே, அந்த இலை?’’

‘‘அதேதான் ஐயா. இதய வடிவ இலை, மஞ்சப் பூ, சாயங்காலம் செவந்து போகும்.’’

‘‘அப்ப அவங்களும் நம்ம ஆளுங்கதான்’’ என்று முடித்துவிட்டார். மானுடவியல் இரண்டு வால்யூம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது.

அடுத்தது ஆபத்தான கட்டம். உடுக்கையின் துருத்தலைச் சமன் செய்யக் கிண்ணத்தை மறுபடி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். விரிசல் விட்ட மரம் வேகமாகச் சுழன்றால் இரண்டாகப் பிய்ந்து முகத்தில் பாயலாம். ‘‘அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க’’ என்று எங்கள் மூவரையும் சுவர் ஓரம் விரட்டினார். விளிம்பைச் சுற்றிக் கயிறு இறுக்கிக் கட்டினார். வேகத்தைக் குறைத்தார். உளி பட்டதும் முதலில் ‘டக் டக் டக்’ என்று துருத்தலில் இடிக்கிற சத்தம். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா மூடவில்லை. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக வந்தபோது ஆசாரி மூச்சு விட்டார். நாங்களும்.

உடுக்கைகளுக்கு நடுவே விரிசல் இன்னும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ‘‘இதுல அரக்கு ஊத்தப் போறேன். என்ன கலர்மா?’’

‘‘அரக்குக் கலர்தான்’’ என்றார் அம்மா. புடவைக் கடையில் கேட்கிற அதே அரக்கு! அந்தக் கலர் பெயரே இதிலிருந்து வந்ததுதானே!

உருக்கிச் சொட்டுச் சொட்டாக விரிசலில் இறக்கி, ஆறியதும் மறுபடி மெல்லச் சுழற்றி வழித்தெடுத்தார். பிறகு அரக்குக் குச்சியை ஓடுகிற விளிம்பில் அழுத்தினார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி, ஒரு சிவப்பு வளையம் பிடித்துக்கொண்டது. சென்னபட்டணத்து பொம்மைக்கும், நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கும் பளபளப்பு வருவது இப்படித்தான். கடைசியாகக் காய்ந்த ஒரு தாழை மடலை எடுத்து அழுத்தித் தேய்த்தார். மடல் தேயத் தேயக் கிண்ணத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு ஏறியது.

‘‘தாழை மடலா! இவங்க அப்பா தாழம்பூ ரேக்குக் கரை நெய்யறதுல கெட்டிக்காரரு அண்ணே’’ என்றார் அம்மா. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அடிக் குமிழை வெட்டி இறக்கிக் கையில் கொடுத்தார். சாக்லேட் நிறக் கிண்ணத்தில் மேலிருந்து கீழே ஒரு அரக்குச் சிவப்புக் கோடு. அதைக் குறுக்கே பிடித்தபடி தேன் நிறத்தில் இரண்டு உடுக்கை. விளிம்பில் சிவப்புக் கரை. விரிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாரும் லென்ஸ் வைத்துத் தேட வேண்டாம். மணமேடையிலிருந்து பத்தாவது வரிசையில் உட்கார்ந்தாலும் தெரியும்.

நண்பர் பர்ஸைத் திறந்தார். கிண்ணம் கடைந்த கூலியைவிட விரிசலைச் சேர்த்த கூலி நூறு ரூபாய் அதிகம். வழக்கமாகப் பேரம் பேசுகிறவர், அன்றைக்கு மறுபேச்சு இல்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

கிளம்பும்போது ஆசாரி, அறுத்தது போக மீதி இருந்த பாதி நாடாவைப் பேப்பரில் சுற்றி அம்மாவிடம் நீட்டினார்.

‘‘இதைப் பத்திரமா வெச்சுக்கம்மா. மரம் உசிரோட இருக்கற மாதிரி, வருஷா வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் அசைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அடுத்த விரிசலுக்கு ஆகும்.’’